மூன்றாம் பொத்தானில் கேட்ட குரல்

மின்சாரம் போனது ஒரு விஷயமே இல்லை. ஜென்சான் என்கிற அந்தத் துறைமுக ஊரில் கோடை வந்தால் அது போகும், வரும். யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கமாட்டார்கள். மீன் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் குளிர்பதனக் கிடங்கிலும் அன்று பிற்பகல் அப்படித்தான் போனது. ஆனால் அது திரும்பி வந்த விதம் இருக்கிறதே, அங்கேதான் வினை. மாடியில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த ஜோவலினுக்கு அது உடனே தெரியவில்லை, பாவம்.

கீழே ஒரு நீண்ட நடை. அதன் ஒரு பக்கம் முழுக்க ஒன்பது உறைபனி அறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆள் நீளத்துக்குச் சூரை மீன்கள் கல்லாய் விறைத்து அடுக்கடுக்காகக் கிடக்கும். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் கூப்பிட வேண்டுமே என்று கதவோரமாக ஒரு மைக்கும் ஒரு ஒலிபெருக்கியும் எல்லா அறையிலும் வைத்திருந்தார்கள். அந்தக் குரல்களை மாடிக்குக் கொண்டுவருகிற புரோகிராமை எழுதியவள் ஜோவலின். கிடங்கில் எல்லோருக்கும் அவள் ஜோவி. அதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற எலிசியோவின் பெண்டாட்டி.

சர்வரில் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரீம் என்று ஒன்று உண்டு. நம் வாய்க்கு ஓடை என்று வைத்துக்கொள்ளுங்களேன். மைக்கிலிருந்து வருவது படிக்கிற ஓடை, அதுதான் காது. ஒலிபெருக்கிக்குப் போவது எழுதுகிற ஓடை, அது வாய். இரண்டும் தனித்தனிப் பெட்டிகள், தனித்தனியாகத்தான் சர்வருக்கு வந்து சேரும். ஜோவி ஒரு காதையும் ஒரு வாயையும் எடுத்து, ஒரே வரியில் ஒட்டி, இருவழி ஓடையாக்கி, அறை எண்ணைக் கொடுத்துத் திரையில் ஒரு பொத்தானாக வைத்துவிட்டாள். அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒட்டிய பிறகு சர்வருக்கு அது ஒரே பொருள். காது ஒருவனுடையது, வாய் இன்னொருவனுடையதா என்றெல்லாம் அது விசாரித்துக்கொண்டு இருக்காது. கொடுத்த இரண்டையும் ஒட்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

சரி, எந்தக் காதை எந்த வாயோடு ஒட்டுவது? வாங்கிப் போட்டிருந்தவை மலிவுப் பெட்டிகள். மின்சாரம் வந்ததும் சர்வரிடம் வந்து நிற்குமே தவிர, எந்த அறையிலிருந்து வருகிறோம் என்று சொல்லத் தெரியாது. ஜோவி அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தாள். கிடங்கின் எலக்ட்ரீஷியன் போர்பிங் வயதில் மூத்தவர். மூத்த ஆம்பளைகளை ஊரில் அழைக்கிறபடி எல்லோருக்கும் நோங் போர்பிங். மின்சாரம் போய் வந்தால் அவர் ஒன்றாம் அறை சுவிட்சைப் போடுவார், உள்ளே விசிறி உறுமுகிறவரை இடுப்பில் கை வைத்து நிற்பார், அப்புறம்தான் இரண்டுக்குப் போவார். வருஷக்கணக்காக அதே வரிசை. ஆகவே முதலில் வந்து நிற்கிற காது ஒன்றாம் அறைக் காது, முதலில் வருகிற வாய் ஒன்றாம் அறை வாய். வந்த வரிசைப்படி ஒட்டினால் போதும், பொருத்தம் பிசகவே பிசகாது. பெட்டிகளுக்கு அப்புறம் பெயர் வைக்கணும் என்று புரோகிராமுக்குள் தனக்கே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தாள். நாம் எல்லோரும் சொல்கிற அதே பாழாய்ப்போன அப்புறம்.

போன வாரம் புது ஜெனரேட்டர் வந்தது. மின்சாரம் போனால் தானே முழித்துக்கொண்டு, ஒன்பது அறைகளுக்கும் ஒரே அடியாக உயிர் கொடுக்கிற ஜெனரேட்டர். நோங் போர்பிங்குக்கு ஏகப்பட்ட குஷி.

“இனிமே நான் சுவிட்சு சுவிட்சா நடந்து கால் தேய வேண்டாம் இண்டாய். கரண்டு போனா போகட்டும்னு உக்காந்து வாழைப்பழம் திம்பேன்” என்றார் அவளிடம்; இளைய பெண்களை அங்கே இண்டாய் என்றுதான் அழைப்பார்கள். சர்க்கரைப் பாகில் பொரித்துக் குச்சியில் குத்திய வாழைப்பழம் என்றால் அவருக்கு உயிர்.

“ஏற்கெனவே அப்படித்தானே நோங் இருக்கீங்க?” என்று ஜோவி சிரித்தாள். சிரித்தாளே தவிர, அவர் நடந்த அந்த வரிசை மேல்தான் தன் புரோகிராம் முழுதும் உட்கார்ந்திருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவள் மண்டையில் ஏறவில்லை.

மின்சாரம் போன அன்றைக்கோ, அவள் மண்டையில் வேறு எதற்கும் இடமும் இல்லை. எலிசியோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பப்புவா கடல் பக்கம் போகிற மீன் கப்பலில் வேலைக்குச் சேருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான். போனால் மாசக்கணக்காகும். அதுவும் அவன் சொல்லித் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து ஜோவி டாம்போவில் இருந்தாள். டாம்போ பிடித்தவர்கள் சண்டை போடமாட்டார்கள், கத்தமாட்டார்கள், வாயைப் பூட்டிக்கொள்வார்கள். மற்றவர்தான் கெஞ்சியும் கொஞ்சியும் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும். ராத்திரி சோறு போட்டாள், பேசவில்லை. காலையில் அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வேலைக்கு வந்தாள், பேசவில்லை. ஜோவி டாம்போ பிடித்தால் லேசில் இறங்கமாட்டாள் என்பது கிடங்குக்கே தெரியும். எலிசியோவுக்கு அதற்கு ஒரு வைத்தியமும் உண்டு. ஏதாவது ஒரு உறைபனி அறைக்குள் நுழைந்து, மைக்கில் வாயை வைத்துக் காதல் பாட்டு ஒன்றைக் கர்ணகடூரமாகப் பாடுவான். மாடியில் அவள் சிரித்துவிடுவாள். கதை முடிந்தது.

மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. திரையில் பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஏழு பொத்தான்களில் காதும் வாயும் சேர்ந்து வந்தன. எட்டிலும் ஒன்பதிலும் காது மட்டும்தான்; இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் குளிரில் முழிக்கவே இல்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மூன்றாம் பொத்தான் மினுங்கியது.

“லாங்கா... ஏய் லாங்கா. நான்தான். கேக்குதா?”

லாங்கா என்றால் அவர்கள் பக்கம் செல்லமே, கண்ணே என்கிற மாதிரி. ஜோவி உதட்டைப் பிதுக்கினாள். வந்துட்டான் பாட்டுப் பாட, என்று நினைத்தாள்.

“கதவு திறக்கமாட்டேங்குது. கரண்டு போனதுல ஓரமெல்லாம் ஐஸ் புடிச்சிருக்கு போல. உள்பக்கக் குமிழு அசையவே மாட்டேங்குது. யாரையாவது அனுப்பேன்.”

அவள் பொத்தானை அழுத்தவில்லை. கொஞ்சம் கிடக்கட்டும், கப்பலில் போகிறவனுக்குக் குளிர் பழகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கொஞ்சத்தை நினைத்து நினைத்து அவள் பிற்பாடு மாரில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

“விளையாடலை லாங்கா. ஜாக்கெட்டுகூடப் போடலை. சரிஞ்ச அட்டைப்பெட்டியை ஒரு நிமிஷத்துல சரி பண்ணிட்டு வந்துடலாம்னு பனியனோட உள்ள வந்துட்டேன். விசிறி வேற புல்லா ஓடுது.”

பனியனோடு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. டாம்போவாவது ஒன்றாவது! பொத்தானை அழுத்தினாள்.

“எலிசியோ! அறிவிருக்கா உனக்கு? நில்லு, ஆள் அனுப்புறேன். குதிச்சிக்கிட்டே இரு, உக்காராத.”

விட்டாள். விசிறியின் இரைச்சல் மட்டும் வந்தது. அவள் வாக்கிடாக்கியை எடுத்தாள். கீழே காவலுக்கு நிற்கிற ரெனான் சின்னப் பையன் இல்லை, கல்யாணமானவன்தான். ஆனாலும் அவளுக்கு இளையவன், அதனால் டொங்.

“டொங், மூணாவது ரூம்ல எலிசியோ மாட்டிக்கிட்டான். கதவு உறைஞ்சிடுச்சு. நோங் போர்பிங்கைக் கூட்டிக்கிட்டு ஓடு. கடப்பாரை எடுத்துக்கோ, காப்பிக்கு வச்ச வெந்நீரையும் எடுத்துக்கோ.”

“அவரு படகுத்துறைக்குப் போயிருக்காருன்னுல்ல நெனச்சோம்! இதோ ஓடுறேன் மேம்.”

பொத்தானில் மறுபடி எலிசியோ. “லாங்கா, இருக்கியா?”

“இருக்கேன், இருக்கேன். வர்றாங்க.”

“சரி, கோவமாவே இரு. பேச வேண்டாம். ஆனா கதவைத் திறந்துட்டுக் கோவப்படு. என்ன?”

ஜோவி திரையையே பார்த்தாள். என்ன பேசுகிறான் இவன்? மறுபடி அழுத்தினாள். “வர்றாங்கன்னு சொல்றேன்ல? காதுல விழலையா?”

“மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கியா அங்க? எனக்குத் தெரியும். ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு...” அவனுக்குப் பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. “ஒரு வார்த்தை சொல்லேன். சரின்னு ஒரே ஒரு வார்த்தை.”

“எலிசியோ! நான் பேசுறேன்! கேக்குதா? எலிசியோ!”

அவள் கத்திய கத்தலில் தொண்டை கமறியது. பொத்தான் பச்சையாகத்தான் இருந்தது. அவள் பேசும்போதெல்லாம் ஒலி அளவு காட்டுகிற கோடு எகிறிக் குதித்தது. அவள் குரல் போகிறது, எங்கேயோ போய்ச் சேர்கிறது, சர்வருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

கீழேயிருந்து கடப்பாரைச் சத்தம் வாக்கிடாக்கியில் வந்தது. நோங் போர்பிங் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே நெம்பினார். உறைந்த கதவு லேசில் விடுகிற ஜாதியா? வெந்நீர் ஊற்றி, மறுபடி நெம்பி, மறுபடி ஊற்றி... ஜோவி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வாக்கிடாக்கியை ஒரு காதிலும் பொத்தானின் ஒலியை மறு காதிலும் வைத்துக்கொண்டு, எப்போது இரண்டு சத்தமும் ஒன்றாகும் என்று காத்திருந்தாள். கதவு திறந்தால் பொத்தானிலும் அந்தச் சத்தம் வர வேண்டுமே.

“திறந்துட்டோம் மேம்!” ரெனான் மூச்சிரைத்தான். “மூணு திறந்தாச்சு. உள்ள வந்துட்டோம்.”

பொத்தானில் விசிறி இரைந்தது. எலிசியோ இருமினான். “யாராவது வாங்கப்பா...” என்றான், சன்னமாக.

“டொங், அவன் பக்கத்துலதான் இருக்கான், இருமுறான் பாரு. கதவோரமாப் பாரு.”

“இங்க யாருமே இல்ல மேம்.”

“இருக்கான்டா! எனக்குக் கேக்குது!”

“எலிசியோ! எலிசியோ அண்ணே!” என்று ரெனான் கூவுவது வாக்கிடாக்கியில் எதிரொலியோடு கேட்டது. பொத்தானில் அது கேட்கவில்லை. கொஞ்சம்கூடக் கேட்கவில்லை. அங்கே எலிசியோ மூக்கை உறிஞ்சினான்.

“மேம், சத்தியமா மீனைத் தவிர ஒண்ணும் இல்ல. அடுக்குக்குப் பின்னாலயும் பாத்துட்டோம்.” ரெனானின் குரலும் மாறியிருந்தது. “அவரு குரல் உங்களுக்குக் கேக்குதா இன்னமும்?”

கேட்டது. “லாங்கா, சத்தியமாச் சொல்றேன். கப்பலுக்குப் போகலை. காலைலயே சொல்லலாம்னு இருந்தேன், நீ மூஞ்சியே குடுக்கலை. போகமாட்டேன். இப்பவாவது திற” என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐயோ, நான் என்ன செய்வேன்! கட்டுப்பாட்டு அறையில் அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். மூன்றாம் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “எங்க இருக்க எலிசியோ, எங்க இருக்க” என்று வாய்விட்டு அழுதாள்.

மூன்றைத் திறந்ததிலேயே வெந்நீர் தீர்ந்துபோய், அடுத்த கதவுக்கு வேண்டுமே என்று இன்னும் கொண்டுவர ரெனான் நடையின் கோடியில் இருந்த சமையல் மேடைக்கு ஓடியிருந்தான். ஜெனரேட்டரின் இரைச்சல் அவ்வளவு தூரத்துக்கு வராது. அங்கிருந்து வாக்கிடாக்கியில் கூப்பிட்டான்.

“மேம்... மேம் ஜோவி. எட்டாவது ரூம் பக்கத்துல நிக்கிறேன். உள்ள... உள்ள ஒரு பொம்பள அழுவுறா மேம்.”

“என்னடா சொல்ற?”

“பூட்டின ரூமுக்குள்ள ஒரு பொம்பள. எங்க இருக்க, எங்க இருக்கன்னு அழுவுறா. யேசுவே, மாதாவே...”

ஜோவியின் விரல் பொத்தானிலிருந்து நழுவியது.

“நின்னுடுச்சு மேம். இப்ப நின்னுடுச்சு.”

அவள் பொத்தானை மறுபடி அழுத்தினாள். “ரெனான்” என்று கூப்பிட்டாள்.

வாக்கிடாக்கியில் ஒரு அலறல். ஏதோ தண்ணீர்ப் பாத்திரம் உருண்டது. “என் பேரைச் சொல்லுது மேம்! என் பேரைச் சொல்லிக் கூப்பிடுது!”

தலையில் இடி விழுந்தது என்பார்களே, அப்படித்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அது அவள் குரல். எட்டாம் அறையின் வாய், எலிசியோ இருக்கிற ஏதோ ஒரு அறையின் காது. அந்த இரண்டையும் ஒட்டி, மூன்று என்று பெயர் கொடுத்து, பச்சை விளக்கும் போட்டு அவள் கையில் கொடுத்திருந்தது அவள் எழுதிய அந்த ஒரே வரி. புது ஜெனரேட்டர் ஒன்பது அறைகளையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிட்டது. பெட்டிகள் அதனதன் இஷ்டத்துக்கு முழித்துக்கொண்டு, முந்தியது முந்தி, பிந்தியது பிந்தி என்று முண்டியடித்து வந்து நின்றிருக்கின்றன. மூன்றாவதாக வந்த காதும் மூன்றாவதாக வந்த வாயும் ஜோடி. மூன்றாம் அறைக்கும் அவற்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

“ரெனான், பயப்படாத. அது நான். என் குரல்தான்டா அது” என்றாள். அவன் நம்பினானோ இல்லையோ தெரியாது.

இருக்கிற எல்லா வாயிலும் பேசிப் பார்த்துவிடலாம் என்று ஒன்றாம் பொத்தானை அழுத்தினாள். “எலிசியோ, எந்த ரூம்ல இருக்க? கேட்டா நம்பரைச் சொல்லு.” விட்டுவிட்டு மூன்றாம் பொத்தானில் காதை வைத்தாள். விசிறி. இரண்டாம் பொத்தான். விசிறி. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. அங்கங்கே பூட்டிய அறைகளுக்குள் அவள் குரல் எலிசியோ எலிசியோ என்று கூவியிருக்கும். மூன்றாம் பொத்தானில் விசிறிதான் இரைந்தது. எட்டிலும் ஒன்பதிலும் வாயே இல்லை. முழிக்காமல் போன அந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் அவன் தலைக்கு மேலே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. எந்தக் கொம்பனாலும் அவள் குரலை இனி அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. அவன் தன் அறை எண்ணைச் சொல்லப்போவதும் இல்லை. எதற்குச் சொல்வான்? பெண்டாட்டி எதிரே எண்ணோடு பொத்தான் மினுங்குகிறது, வேண்டுமென்றே உட்கார்ந்திருக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறான்!

அப்போது அவன் பேசினான். நாக்குக் குழறியது. “இப்ப குளிரலை லாங்கா. கதகதன்னு இருக்கு. கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்.”

உறைபனி அறையில் வேலைக்குச் சேருகிற எவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான். குளிர் விட்டுச் சூடு தெரிந்தால் ஆள் கைவிட்டுப் போகிறான் என்று அர்த்தம். இன்னும் எட்டுக் கதவுகள். ஒரு கதவுக்கே கிடங்கிலிருந்த வெந்நீரெல்லாம் தீர்ந்துவிட்டது. எதைத் திறக்கச் சொல்வது? தப்பான கதவைக் காட்டினால் அவனைக் கையாலேயே கொன்ற மாதிரி.

வாய் இல்லாவிட்டால் போகிறது. காது இருக்கிறதே! இத்தனை நேரமும் அவன் பேச்சை ஒன்றுவிடாமல் கொண்டுவந்து கொட்டிய காது, அவன் அறைக் கதவோரத்தில்தானே இருக்கிறது?

“நோங்! நோங் போர்பிங்!” என்று வாக்கிடாக்கியில் அலறினாள். “கடப்பாரையை எடுத்துக்குங்க. ஒண்ணாவது கதவுலேருந்து வரிசையா ஒவ்வொரு கதவையும் ஓங்கி அடிங்க. அடிச்சிட்டு நில்லுங்க. நான் சொன்னப்புறம் அடுத்ததுக்குப் போங்க.”

“எதுக்கு இண்டாய்? திறக்க வேண்டாமா?”

“அடிங்க நோங்! கேள்வி கேக்காம அடிங்க!”

கிழவருக்கு வரிசையாகப் போவது புதிதா என்ன? ஒன்றாம் கதவில் கடப்பாரை விழுந்தது வாக்கிடாக்கியில் கேட்டது. மூன்றாம் பொத்தானில் விசிறி மட்டும்.

“இல்ல. அடுத்தது.”

இரண்டு. இல்லை. மூன்றைத்தான் திறந்தாயிற்று. நான்காவதை அடித்தார். பொத்தானில் எங்கோ தூரத்தில் டொக் என்று ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. கிடங்கில் இரும்புக்கா பஞ்சம், எது எதிலோ மோதி வந்திருக்கலாம். ஜோவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எலிசியோவின் மூச்சு கேட்கிறதா என்று பார்த்தாள். இருமல் இல்லை. பல் அடித்துக்கொள்கிற சத்தமும் இல்லை. நின்று வெகுநேரம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“நோங், சீக்கிரம். அவன் பேசலை. அவன் பேசமாட்டேங்குறான்.”

ஐந்து. டொக். முன்னைவிடக் கொஞ்சம் கிட்டத்தில்.

“அடுத்தது! அடுத்தது!”

ஆறாம் கதவில் விழுந்த அடி அவள் காதைப் பிளந்தது. மேஜையே அதிர்ந்ததுபோல இருந்தது. திரையில் கோடு உச்சிக்கு எகிறி விழுந்தது.

“அதேதான்! அதேதான் நோங்! ஆறு! ஆறைத் திறங்க!”

கீழே அவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை அவள் அந்தக் காதுவழியேதான் கேட்டாள். கடப்பாரை கதவிடுக்கைக் கரண்டியது. ரெனான் ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவந்து அதன் முள்ளைக் கைப்பிடிக்குள் கொடுத்து இழுத்தான். அந்த வண்டியில் மாட்டியிருந்த ஜெபமாலை எலிசியோவுடையது. கதவு முனகியது. நோங் போர்பிங் கடவுளையும் ஜெனரேட்டர் விற்றவனையும் ஒரே மூச்சில் திட்டினார். கீழே ஓடிப்போய்விடலாமா என்று ஜோவிக்குக் கால் பரபரத்தது. ஆனால் அந்தக் காதை விட்டு எழுந்துபோக அவளால் முடியவில்லை. அவன் மூச்சு வருகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

ஐஸ் உடைகிற சத்தம். பிறகு சட்டென்று நடையின் இரைச்சலெல்லாம் பொத்தானுக்குள் வந்தது. வாக்கிடாக்கியும் பொத்தானும் ஒரே சத்தமாயின. இந்தமுறை நிஜமாகவே திறந்துவிட்டார்கள்.

“இங்க கிடக்கான்! தூக்கு, தூக்குடா!” என்றார் நோங் போர்பிங். ரெனான் வாக்கிடாக்கியை எங்கோ எறிந்துவிட்டான் போலிருக்கிறது, அது தரையில் மோதி அடங்கிப்போனது. மிச்சமிருந்தது மூன்றாம் பொத்தான் மட்டும்.

“மூச்சு இருக்கா நோங்?” என்று கேட்டான் ரெனான்.

“பேசாம இரு. எலிசியோ! டேய், கண்ணைத் திற. எலிசியோ!”

ஜோவி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் அறைகிற சத்தம் கேட்டது. ஒருமுறை, இன்னொருமுறை. யாரோ கம்பளியை உதறினார்கள். மாதாவே, உன் காலில் விழுகிறேன், ஒரு சத்தம் கொடு, முனகினால்கூடப் போதும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

முனகல் வந்தது.

உயிரோடிருக்கிறான்! அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது.

“என்னடா? என்ன சொல்ற?” நோங் போர்பிங் குனிந்து கேட்பது தெரிந்தது.

எலிசியோவின் குரல் தேய்ந்து, துண்டு துண்டாக வந்தது. “கப்பலுக்குப் போகலைன்னு... சத்தியம் பண்ணேன் நோங். கதவைத் திறன்னும் கெஞ்சினேன்.” நடுவில் மூச்சு வாங்கினான். “அப்பவும் அவ... பேசவே இல்ல.”

“அவதான்டா உன்னை...” என்று நோங் ஆரம்பித்தார். அதற்குள் ரெனான், “கண்ணு சொருகுது நோங், மொதல்ல வெளிய தூக்குங்க, ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்தாச்சு” என்று கத்தினான். காலடிகள் தடதடவென்று விலகின.

ஜோவி பாய்ந்து பொத்தானை அழுத்தினாள். அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாமலா? தெரியும். தெரிந்தும் கையும் வாயும் நிற்கவில்லை.

“பேசினேன் எலிசியோ! தொண்டை கிழியப் பேசினேன்! ஆரம்பத்துல கொஞ்ச நேரந்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், கொஞ்சமே கொஞ்ச நேரம். அப்புறம் நிறுத்தவே இல்ல. நீ சொன்னதெல்லாம் கேட்டேன். ஒண்ணுவிடாமக் கேட்டேன்!”

ஆறாம் அறையின் காதில் அவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போகிற சத்தம் தேய்ந்து மறைந்தது. நடையின் கோடியில், பூட்டிக் கிடந்த எட்டாம் அறையின் இருட்டுக்குள், விறைத்து அடுக்கியிருந்த சூரைகளிடம் அவள் குரல் கேட்டேன், கேட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.